நாணயத்திற்கு நினைவில்லை

கணித ஆசிரியர்கள் தம் வகுப்பில் விரும்பிச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஆசிரியர் மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்கிறார். முதல் குழுவைச் சேர்ந்த ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 200 முறை சுண்டி, விழுந்தது பூவா தலையா என்பதை வரிசையாக எழுதிவர வேண்டும். இரண்டாம் குழுவினர் நாணயத்தைத் தொடவே கூடாது. உண்மையாகவே சுண்டி எழுதியதைப் போன்ற ஒரு பட்டியலைத் தம் மனத்திலிருந்தே உருவாக்க வேண்டும். தாள்கள் அனைத்தும் பெயரின்றிக் கலந்து வைக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒவ்வொரு தாளையும் சில விநாடிகள் பார்க்கிறார். "இது சுண்டியது, இது புனைந்தது" என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகப் பிரித்துவிடுகிறார். மாணவர்கள் வியப்பில் ஆழ்ந்துபோகின்றனர்.

ஹங்கேரி நாட்டுக் கணிதக் கல்வியாளர் டமாஸ் வர்காவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இச்சோதனையில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. ஆசிரியர் தேடுவது ஒன்றே ஒன்றுதான். தலையோ பூவோ தொடர்ந்து ஆறு முறை அல்லது அதற்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். உண்மையாக 200 முறை சுண்டினால், அப்படிப்பட்ட நீண்ட தொடர் ஒன்றாவது தோன்றுவதற்கு 95 விழுக்காட்டுக்கும் அதிகமான வாய்ப்பு உண்டு. ஆனால், மனத்திலிருந்து எழுதுபவர்கள் மூன்று தலைகளை எழுதியவுடன் தயங்குகின்றனர். நான்காவதாகவும் தலையை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எண்ணிப் பூவுக்கு மாறிவிடுகின்றனர். நம்பத்தக்கதாக எழுத வேண்டும் என்ற அக்கறையே அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மாணவர்கள் நிகழ்தகவைக் கற்கும்போது சூத்திரங்களை எளிதில் மனனம் செய்துவிடுகின்றனர். தற்செயல் என்றால் என்ன என்பதுதான் அவர்களுக்கு எட்டாமல் நழுவுகிறது. இது மாணவர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. பெரியவர்களும் பேரறிஞர்களும்கூட இதே இடத்தில் இடறி விழுந்திருக்கின்றனர்.

கலைந்திருந்தால்தான் தற்செயலா?

தற்செயல் என்றால் ஒழுங்கில்லாமல் கலைந்து கிடக்க வேண்டும் என்பது பலரது எண்ணம். உளவியல் அறிஞர்களான ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஒரு வினாவை எழுப்பினர். ஆறு குழந்தைகள் உள்ள குடும்பங்களில் பெண், ஆண், பெண், ஆண், ஆண், பெண் என்ற வரிசையில் குழந்தைகள் பிறந்த குடும்பங்கள் அதிகமா? அல்லது ஆண், ஆண், ஆண், பெண், பெண், பெண் என்ற வரிசையில் பிறந்த குடும்பங்கள் அதிகமா? பெரும்பாலோர் முதல் வரிசையே அதிகம் என்று விடை கூறினர். ஆணும் பெண்ணும் பிறக்கச் சம வாய்ப்பு உண்டு என்று கொண்டால், இரண்டு வரிசைகளுக்கும் உரிய வாய்ப்பு 64இல் ஒன்றுதான். முதல் வரிசை கலைந்து காணப்படுவதால் இயல்பானதாகத் தோன்றுகிறது. இரண்டாவது ஒழுங்காக இருப்பதால் யாரோ திட்டமிட்டதுபோல் தோன்றுகிறது. ஆனால், பார்வைக்கு எப்படித் தோன்றுகிறது என்பது வேறு. நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்பது வேறு.

இடப்பரப்பிலும் இதே மயக்கம் ஏற்படுகிறது. மழை தூறத் தொடங்கும்போது, 16 சதுரக் கற்கள் பதித்த நடைபாதையில் முதல் 16 துளிகள் விழுவதாகக் கொள்ளலாம். ஒரு கல்லுக்கு ஒரு துளி வீதம் சீராக விழும் என்று பல மாணவர்கள் வரைந்து காட்டுவர். உண்மையில் அப்படி விழுவது மிக மிக அரிது. கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக ஐந்து அல்லது ஆறு கற்கள் நனையாமலே இருக்கும். வேறு சில கற்களில் இரண்டு, மூன்று துளிகள் விழுந்திருக்கும். சீராகப் பரவுவது திட்டத்தின் அடையாளம். இங்கே குவிந்தும் அங்கே வெறுமையாகவும் கிடப்பதே தற்செயலின் இயல்பு.

இந்த உண்மை போர்க்காலத்தில் ஒரு நகரத்தின் அச்சத்தோடு தொடர்புடையதாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் நகரின்மீது பறக்கும் குண்டுகள் விழுந்தன. சில வட்டாரங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் விழுந்ததைக் கண்ட மக்கள், எதிரிகள் அந்த இடங்களைக் குறிபார்த்துத் தாக்குகின்றனர் என்று நம்பினர். ஆர். டி. கிளார்க் என்பவர் 1946ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். தென் இலண்டனின் ஒரு பகுதியைச் சம அளவுள்ள 576 சதுரங்களாகப் பிரித்தார். அப்பகுதியில் விழுந்த குண்டுகள் மொத்தம் 537. குண்டுகள் முற்றிலும் தற்செயலாக விழுந்திருந்தால், ஏறத்தாழ 227 சதுரங்களில் ஒன்றுகூட விழுந்திருக்காது என்று கணிதம் கூறியது. உண்மையில் குண்டு விழாத சதுரங்கள் 229. ஒரே ஒரு குண்டு விழுந்திருக்க வேண்டிய சதுரங்கள் ஏறத்தாழ 211, உண்மையிலும் 211. மக்கள் கண்ட குவியல்களுக்குப் பின்னால் குறிபார்த்தவர் எவரும் இல்லை. தற்செயலே அந்தக் குவியல்களை உருவாக்கியிருந்தது.

இசைக்கருவியிலும் இதனைக் காணலாம். பாடல்களை வரிசை மாற்றிக் கலந்து ஒலிக்கச் செய்யும் வசதியில், ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வந்தபோது பயனர்கள் கருவியின்மீது ஐயம் கொண்டனர். அதனால் 2005ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம், அவ்வாறு அடுத்தடுத்து வருவதைக் குறைக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. அதாவது, தற்செயலாகத் தோன்றச் செய்வதற்காக அதன் தற்செயல் தன்மை குறைக்கப்பட்டது.

அடுத்தது கட்டாயம் பூவா?

நாணயத்தைச் சுண்டியபோது ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தது. ஆறாவது முறை என்ன விழும்? "இனிப் பூதான் விழ வேண்டும், எத்தனை முறைதான் தலையே விழும்?" என்று பல மாணவர்கள் கூறுவர். சிலர், "இது தலைக்கு ராசியான நாணயம், மீண்டும் தலைதான்" என்பர். நேர்மையான நாணயமாக இருந்தால், இரண்டுமே தவறான முடிவுகள். ஆறாவது முறையும் தலைக்குப் பாதி வாய்ப்பு. பூவுக்குப் பாதி வாய்ப்பு. முன்பு என்ன விழுந்தது என்பது நாணயத்திற்குத் தெரியாது. அதற்கு நினைவில்லை.

முதலில் கூறிய தவறுக்குச் சூதாடியின் தவறு என்று பெயர். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாண்டி கார்லோ சூதாட்டக் கூடத்தில் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்றாகக் கூறப்படுகிறது. அங்குள்ள சுழல்வட்டில் பந்து மீண்டும் மீண்டும் கறுப்பு எண்ணிலேயே விழுந்தது. இனிச் சிவப்புதான் வரும் என்று நம்பிய கூட்டம் பணத்தை அள்ளிக் கொட்டியது. கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. பணம் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தனர்.

இது பழங்கதையன்று. இத்தாலியில் நடைபெறும் எண் குலுக்கலில், ஒவ்வொரு நகரத்திற்கும் 90 எண்களிலிருந்து ஐந்து எண்கள் எடுக்கப்படும். வெனிஸ் நகரக் குலுக்கலில் 53 என்ற எண் 2003ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரவேயில்லை. "இத்தனை நாள் வராத எண் இனி வந்தே தீரும்" என்று நாடெங்கும் மக்கள் அதன்மீது பணம் கட்டினர். பலர் குடும்பச் சேமிப்பை இழந்தனர்; கடனாளிகள் ஆயினர். 2005ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்தான் 53 வந்தது. அது வராமல் இருந்த ஒவ்வொரு குலுக்கலிலும் அதன் வாய்ப்பு 18இல் ஒன்றாகவே இருந்தது. காத்திருந்ததால் அந்த வாய்ப்பு இம்மியும் உயரவில்லை.

மாணவர்கள் இவ்விடத்தில் நியாயமான ஓர் ஐயத்தை எழுப்புவதுண்டு. "நெடுநேரம் சுண்டினால் தலையும் பூவும் பாதிப் பாதியாக வரும் என்று பாடநூல் கூறுகிறதே! அப்படியானால், அதிகமாக வந்துவிட்ட தலையைப் பூ வந்து ஈடுசெய்துதானே ஆக வேண்டும்?"

இதற்கு விடை கூறும் புள்ளிவிவரம் ஒரு தடுப்பு முகாமில் கிடைத்தது. ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் அகப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டார். பொழுதைப் பயனுள்ளதாக்க விரும்பிய அவர், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறிப்பெடுத்தார். முதல் 10 முறையில் 4 தலைகள் விழுந்தன. முதல் 100 முறையில் 44 தலைகள். முதல் 1,000 முறையில் 502 தலைகள். 10,000 முறை முடிந்தபோது 5,067 தலைகள்.

இந்த எண்களைக் கூர்ந்து நோக்கினால் ஐயம் தெளியும். 100 முறை சுண்டியபோது தலைகளின் எண்ணிக்கை சரிபாதியிலிருந்து 6 குறைந்திருந்தது. 10,000 முறை சுண்டியபோது 67 கூடியிருந்தது. எண்ணிக்கையில் வேறுபாடு குறையவில்லை, வளர்ந்திருக்கிறது! ஆனால், விழுக்காடோ 44இலிருந்து 50.67க்கு வந்துவிட்டது. கூடுதலாக வந்த தலைகளை யாரும் ஈடுசெய்யவில்லை. ஆயிரக்கணக்கான புதிய சுண்டல்களுக்கிடையே பழைய வேறுபாடு சிறுத்துப்போயிற்று. குவளை நீரில் கரைத்த உப்பை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதே நீரை ஏரியில் ஊற்றினால் உப்பின் சுவை தெரியாமல் போகிறது. நெடுநாள் சமநிலை என்பது அத்தகையதே. யாக்கோபு பெர்னூலி என்ற கணித மேதை நிறுவி, அவர் மறைந்த பின் 1713ஆம் ஆண்டில் வெளியான பேரெண் விதி கூறுவதும் இதுதான். அது விழுக்காட்டைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த சுண்டலைப் பற்றி எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

ஒரு சோறு எப்போதும் பதமாகுமா?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது தமிழர் பழமொழி. சோற்றைப் பொறுத்தவரை இது சரியே. ஒரே அரிசி, ஒரே கொதிநீர், ஒரே நெருப்பு என்பதால் ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் ஏறக்குறைய வெந்திருக்கும். ஆனால், முடிவுகள் மாறிமாறி வரும் நிகழ்ச்சிகளில் ஒரு பருக்கையை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ட்வெர்ஸ்கியும் கானமனும் கேட்ட மற்றொரு வினா இதனை விளக்குகிறது. ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள் உள்ளன. பெரியதில் நாள்தோறும் ஏறத்தாழ 45 குழந்தைகளும் சிறியதில் ஏறத்தாழ 15 குழந்தைகளும் பிறக்கின்றன. பிறந்த குழந்தைகளுள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஆண் குழந்தைகளாக இருந்த நாள்களை இரண்டு மருத்துவமனைகளும் ஓராண்டு முழுவதும் குறித்து வைத்தன. எந்த மருத்துவமனையில் அத்தகைய நாள்கள் அதிகம்? 95 பல்கலைக்கழக மாணவர்களிடம் இவ்வினா கேட்கப்பட்டது. அவர்களுள் 53 பேர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றனர். சரியான விடை, சிறிய மருத்துவமனை. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 55 நாள்கள் அவ்வாறு அமையும்; பெரிய மருத்துவமனையில் அதில் பாதிகூட இராது. எண்ணிக்கை சிறிதாக இருந்தால் முடிவுகள் அதிகமாக ஊசலாடும்.

இதனை உணராதவர்கள், ஒரே ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவரைத் திறமையற்றவர் என்று முடிவு கட்டுகின்றனர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் குணமானது என்பதற்காக ஒரு மருந்தை நம்புகின்றனர். ஒரு பேனாவால் எழுதியபோது நல்ல மதிப்பெண் கிடைத்தால், அதனை ராசியான பேனாவாகப் போற்றுகின்றனர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. காக்கை உட்கார்ந்தும் பழம் விழாத நாள்களையும், காக்கையே வராமல் பழம் விழுந்த நாள்களையும் எவரும் எண்ணி வைப்பதில்லை.

இரண்டு முடிவுகள் என்றால் பாதிப் பாதியா?

"இந்தப் போட்டியில் நாம் வெல்லலாம் அல்லது தோற்கலாம். ஆகவே, வெற்றி வாய்ப்பு 50 விழுக்காடு." இப்படிப்பட்ட வாதத்தைப் பள்ளித் திடலில் அடிக்கடி கேட்கலாம். முடிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அவை அனைத்திற்கும் ஒரே வாய்ப்பு என்று கருதுவது இத்தவற்றின் அடிப்படை.

இரண்டு நாணயங்களை ஒருசேரச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூவகை முடிவுகள் உண்டு. எனவே ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பல மாணவர்கள் எழுதுகின்றனர். நாணயங்களில் ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு நீலமும் பூசினால் உண்மை வெளிப்படும். சிவப்பு தலை நீலம் பூ, சிவப்பு பூ நீலம் தலை என ஒன்று தலை ஒன்று பூ விழுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஆகவே, அதன் வாய்ப்பு நான்கில் இரண்டு. மற்ற இரண்டுக்கும் நான்கில் ஒன்று.

இத்தவற்றைச் செய்த மாணவர் நாணத் தேவையில்லை. பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர், 1754ஆம் ஆண்டில் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே முடிவுகள் மூன்றே என்பது அவர் கருத்து. அம்மூன்றும் சம வாய்ப்புடையவை அல்ல என்பதை அவர் கருதவில்லை. சரியான விடை நான்கில் மூன்று.

தமிழில் வழங்கும் ஒரு கலைச்சொல்லையும் இங்குக் கவனிக்க வேண்டும். முடிவை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாத சோதனையைத் தமிழ்க் கணித நூல்கள் 'சமவாய்ப்புச் சோதனை' என்று குறிப்பிடுகின்றன. சொல்லை மட்டும் பார்ப்பவர், எல்லா முடிவுகளுக்கும் சம வாய்ப்பு இருக்கும் என்று எண்ணக்கூடும். பையில் ஒன்பது சிவப்புக் கோலிகளும் ஒரு நீலக் கோலியும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பதும் அத்தகைய சோதனைதான். ஒவ்வொரு கோலிக்கும் ஒரே வாய்ப்பு உண்டு. ஆனால், இரண்டு நிறங்களுக்கும் ஒரே வாய்ப்பு இல்லை.

மழை வருமா, வராதா?

நாளை மழை பெய்ய 70 விழுக்காடு வாய்ப்புள்ளது என்று வானிலை அறிக்கை கூறுகிறது. மறுநாள் மழை பெய்யவில்லை. அறிக்கை பொய்த்துவிட்டதா? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கிளிஃபர்ட் கோனல்ட் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் பலர் இத்தகைய எண்ணை 'வரும்' அல்லது 'வராது' என்ற தீர்ப்பாகவே கொள்வதைக் காட்டினார். 70 என்றால் வரும். 30 என்றால் வராது. 50 என்றால் சொல்பவருக்கே தெரியவில்லை என்பது அவர்களின் புரிதல். உண்மையில், அவ்வாறு முன்னறிவிக்கப்பட்ட நாள்களுள் பத்துக்கு ஏழு என்ற அளவில் மழை பெய்தால் அந்த அறிக்கை நம்பத்தக்கதே. ஒருநாளை மட்டும் வைத்து அதனை மெய்யென்றோ பொய்யென்றோ கூற இயலாது. அறுவை மருத்துவம் வெற்றி பெற 90 விழுக்காடு வாய்ப்பு என்று மருத்துவர் கூறும்போதும் இதே தெளிவு தேவை. அந்த எண் நம்பிக்கை தருகிறது, உறுதிமொழி தருவதில்லை.

தெளிவு எப்படிப் பிறக்கும்?

குழந்தைகளிடம் தற்செயல் பற்றிய எண்ணம் தோன்றும் முறையை ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் ஆராய்ந்து 1951ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். ஒரு தட்டின் ஓரத்தில் செந்நிற மணிகளையும் வெண்ணிற மணிகளையும் தனித்தனியே அடுக்கி, தட்டை மேலும் கீழுமாகச் சாய்த்துக் காட்டினர். மணிகள் கலந்துகொண்டே போயின. மிகச் சிறிய குழந்தைகள், அவை விரைவில் தத்தம் இடத்திற்கே திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தனர். வயது ஏற ஏறத்தான், கலந்தவை எளிதில் பிரியா என்ற உணர்வு வந்தது.

ஆனால், வயது மட்டுமே எல்லாத் தெளிவையும் தந்துவிடாது. பல்கலைக்கழக மாணவர்கள் மருத்துவமனை வினாவில் தடுமாறியதே அதற்குச் சான்று. ஆசிரியர் விதியைக் கூறி எழுத வைப்பதாலும் பழைய எண்ணம் மறைவதில்லை. தேர்வில் சரியாக எழுதிய மாணவர், திடலில் பகடை உருட்டும்போது "ஆறு வருவதுதான் கடினம்" என்பார். ஆறு வந்தால்தான் காயை இறக்கலாம் என்ற ஆட்டத்தில் காத்திருந்த நேரம் அவர் நினைவில் நிற்கிறது. மற்ற எண்களுக்காக அவர் காத்திருந்ததே இல்லை.

ஆகவே, முதலில் தம் கணிப்பை எழுதி வைப்பதும், பிறகு சோதனை செய்து பார்ப்பதும், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிற்குக் காரணம் தேடுவதும் பயன் தரும். 20 முறை சுண்டினால் ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறையாவது வருமா என்று கேட்டால், "வராது" என்போரே பலர். 30 மாணவர்கள் ஆளுக்கு 20 முறை சுண்டிப் பார்த்தால், அவர்களுள் ஏறத்தாழ 23 பேரின் தாளில் அத்தகைய தொடர் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தன் கையால் சுண்டி, தன் கண்ணால் கண்டு, தன் கணிப்பு பிழைத்ததை உணர்ந்தவர் அதனை எளிதில் மறப்பதில்லை.

மனித மனம் எதிலும் ஒரு காரணத்தைத் தேடுகிறது. கருமேகத்தைக் கண்டு மழையை உணர்வதற்கும், தடம் பார்த்து விலங்கை அறிவதற்கும் அந்தத் தேடலே உதவியது. அதே மனம் காரணமில்லாத இடத்திலும் காரணத்தைக் கண்டுவிடுகிறது. இது காரணத்தால் நிகழ்ந்ததா, தற்செயலாக நிகழ்ந்ததா என்று ஒரு கணம் நின்று கேட்கப் பழகுவதே நிகழ்தகவுப் பாடத்தின் பெரும்பயன். இழந்த பணத்தை அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்று எண்ணுபவரும், ஒரு தோல்வியைக் கண்டு தன்னை ராசியற்றவர் என்று நொந்துகொள்பவரும் இக்கேள்வியைக் கேட்டால் தப்பித்துக்கொள்ளலாம். ஐந்து முறை விழுந்த தலையை நாணயம் மறந்துவிடுகிறது. நினைவு வைத்திருப்பது மனிதர்தாம். அந்த நினைவை நாணயத்தின்மீது ஏற்றாமல் இருப்பதே அறிவு.